ஆறு பேருக்கு ஒரே சமர்ப்பணம்

இரண்டு பவுன், பதினோரு ஷில்லிங், நாலு பென்னி. அச்சுக்கூடத்தில் கைப்பிடி இழுக்கும் ஆமோஸ் கிரேக்குக்கு, மகாகவி பெரிக்ரின் ஸ்டோட் தரவேண்டிய பாக்கி அது.

மகாகவி என்பது அவரே சூட்டிக்கொண்ட பட்டம். அந்த 1712ஆம் ஆண்டில் லண்டனில் எழுதாதவன் என்று ஒருவன் கிடையாது. ஒருவன் துண்டுப் பிரசுரம் போட்டால் மறுநாள் அவனைத் திட்டி இன்னொருவன் போடுவான். தன் பெயரை மட்டும் போடமாட்டான். ஆகஸ்டில் செய்தித்தாள்களுக்கு அரைப்பென்னி முத்திரை வரி வந்தது. பாதி இதழ்கள் செத்தன. அவற்றில் வம்பு எழுதி வயிறு வளர்த்தவர்கள் ஒரே வாரத்தில் கவிஞர்களாகிப் பிரபுக்களின் வாசலில் போய் நின்றார்கள். புத்தகத்தின் முதல் தாளில் பிரபுவைப் புகழ்ந்து ஒரு சமர்ப்பணம். பிரபு குளிர்ந்தால் ஐந்து கினி, பத்து கினி. பவுனுக்கு இருபது ஷில்லிங் என்றால், கினி என்ற பொற்காசுக்கு அன்று இருபத்தொன்றரை. உள்ளே என்ன கண்றாவி இருந்தால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்?

ஸ்டோட் இதிலும் ஒரு படி மேலே போனார். புகழ் ஒன்று, பிரபுக்கள் ஆறு. பெயரை மட்டும் மாற்றி மாற்றி அச்சடித்தால் ஆறு பையிலும் கையை விடலாம். அச்சுக்கூட முதலாளிக்குத் தெரிந்தால் ஒப்பமாட்டார். அதனால் முதலாளி கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையில் ஆமோஸைப் பிடித்தார்.

"இந்தச் சீட்டுல ஆறு பேர் எழுதியிருக்கேன். உனக்குத்தான் படிக்கத் தெரியாதே. உருவத்தைப் பார்த்து எழுத்தை எடுத்துப் பொருத்திடு, போதும். நல்ல டச்சுத் தாளா வாங்கிப்போடு. கினி வந்ததும் முதல் காசு உனக்குத்தான்."

எழுத்துக் கோப்பவர்கள் கைப்பிடி இழுப்பவர்களைக் குதிரை என்பார்கள். குதிரைக்கு எழுத்து எதற்கு? ஆனால் ஆமோஸ் நாற்பது வயதுக்குமேல் எழுத்தைக் கற்றிருந்தான். ஈய அச்செழுத்தில் கற்றதால் முதலில் தலைகீழாகத்தான் படிக்க வந்தது. தாளில் நேராகப் படிக்க இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. அது அவன் மனைவி டார்கஸுக்கு மட்டும் தெரியும்.

தாள் வாங்கக் கையில் காசில்லை. வீட்டு மெத்தையையும் கம்பளியையும் அடகு வைத்தான். இரண்டு ஞாயிறு முதுகு ஒடிய இழுத்தான். அதன்பின் ஸ்டோட் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. நவம்பர் வந்துவிட்டது. டார்கஸ் வைக்கோலில் படுத்து இருமினாள்.

"சனிக்கிழமை கடை சாத்துறதுக்குள்ள மெத்தையை மீட்கலேன்னா அடகுக்காரன் வித்துடுவானாம்," என்றாள். "உன் மகாகவி எங்க இருக்காரு?"

"காப்பிக் கடையில. வேற எங்க?"

சனிக்கிழமை மத்தியானம் ஆமோஸ் மை படிந்த வேலை ஆடையை மாற்றாமல் போனான். கதவருகே ஒரு பென்னி கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள், கொடுத்தான். ஸ்டோட் கணப்படுப்புப் பக்கம் புது விக்குடன் உட்கார்ந்திருந்தார். எதிரே வென்லோ பிரபுவின் காரியஸ்தர். சுற்றிலும் புத்தக வியாபாரிகள்.

"ஐயா, என் பாக்கி."

ஸ்டோட் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன பாக்கி? யோவ், எந்தத் தாள்ல எழுதியிருக்கு? எழுதியிருந்தாலும் உன்னால படிக்க முடியுமா?" பக்கத்து மேசைகளைப் பார்த்தார். "குதிரை லாயத்தை விட்டு வந்து கணக்குக் கேக்குதுய்யா!"

நல்ல சிரிப்பு கிளம்பியது. ஆமோஸ் ஆடைக்குள்ளிருந்து ஆறு தாள்களை எடுத்தான். சரிபார்க்க இழுத்த முதல் பிரதிகள். மேல்தாளில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"மாண்புமிகு வென்லோ பிரபு அவர்களுக்கு. இங்கிலாந்து முழுதும் தேடியும் என் பேனா வணங்கத் தகுந்தவர் தாங்கள் ஒருவரே. வேறொரு பெயரை எழுத என் கை மறுக்கிறது."

காரியஸ்தர் தலையாட்டினார். "எங்க பிரபு இதைக் கேட்டுக் கண் கலங்கிட்டார். பத்து கினி குடுத்தார்."

ஸ்டோட்டின் முகம் வெளுத்திருந்தது. ஆமோஸ் இரண்டாம் தாளை எடுத்தான்.

"மாண்புமிகு ஹார்புரூக் பிரபு அவர்களுக்கு. இங்கிலாந்து முழுதும் தேடியும் என் பேனா வணங்கத் தகுந்தவர் தாங்கள் ஒருவரே. வேறொரு பெயரை..."

யாரோ காப்பியைப் புரையேறத் துப்பினார்கள். ஒரு வியாபாரி, "கை மறுக்குதாம்யா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். காரியஸ்தர் கோப்பையைக் கீழே வைத்தார். ஆமோஸ் மூன்றாம் தாளைத் தூக்கினான்.

"போதும், போதும்!" ஸ்டோட் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பையை மேசைமேல் கவிழ்த்தார். இரண்டு கினி, எட்டு ஷில்லிங் விழுந்தன. "அவ்வளவுதாம்ப்பா இருக்கு. நாலு பென்னி குறையுது."

ஆமோஸ் காசை மையாடையில் முடிந்தான். காரியஸ்தர் கை நீட்டினார். "மீதித் தாளைக் குடு. இன்னும் யாரெல்லாம்னு பார்க்கணும்."

"இனிமே இது என் சரக்கு இல்லீங்க. இவர் காசு குடுத்துட்டார்." ஆறு தாள்களையும் ஸ்டோட்டின் முன்னால் வைத்தான். "இவர்கிட்ட கேளுங்க."

அடகுக் கடை சாத்த இன்னும் நேரமிருந்தது. வாசல் வரை போனவன் திரும்பினான்.

"அந்த நாலு பென்னியை விட்டுட்டேன் ஐயா. அந்தச் சமர்ப்பணம் எழுதினதுக்குக் கூலியா வச்சுக்கோங்க. அதுக்கு மேல அது பெறாது."