பதினேழாம் லாரியின் புள்ளி

லாரி எங்கே நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் பெட்டியை வடிவமைத்தவள் நான். கல்குவாரி வண்டிகளுக்கானது. ஒரு நாள் முழுக்கச் சூட்டடுப்பில் வைத்தேன், ஒரு வாரம் குலுக்கினேன், இன்னொரு நாள் தண்ணீரில் முக்கி வைத்தேன். எல்லாவற்றிலும் தேறியது. எறும்புகூட நுழையாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். நாற்பது லாரிகளில் மாட்டியாயிற்று. பதினேழாவதை ஓட்டுவது என் தம்பி.

மழை விட்ட மறுநாள் காலை, கட்டுப்பாட்டு அறையின் வரைபடத் திரையில், பதினேழாம் லாரியைக் காட்டும் புள்ளி மேற்குச் சரிவின் அடியில் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சரிவு முந்தைய வாரம்தான் ஒருமுறை இடிந்திருந்தது. தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஆள் அனுப்பச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறைக்காரர் டீயைக் கீழே வைக்கவில்லை. பெட்டி மண்டையைப் போட்டிருக்கும், நேற்றும் இரண்டு போயிற்று என்றார். ஜீப்பை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். போகிற வழியெல்லாம் என் குஞ்சான அந்தப் பெட்டி செத்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

சரிவின் அடியில் மோட்டார் பம்பு இரைந்துகொண்டிருந்தது. தம்பி ரப்பர் குழாயைப் பிடித்து, ஆவி பறக்கப் பறக்க லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

"சேத்தோட போனா கேட்டுல விடமாட்டாங்கக்கா. எல்லாரும் இங்கதான் கழுவுவோம்."

பெட்டியைக் கழற்றித் திறந்தேன். உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர். என்ஜின் சூட்டில் கொதிக்கிற பெட்டியில் குளிர்ந்த நீர் பட்டதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கிறது. சூட்டையும் நீரையும் நான் ஒருநாளும் சேர்த்துச் சோதித்ததில்லை. இங்கே தினமும் சேர்த்துத்தான் ஊற்றுகிறார்கள்.

தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இனிமே புள்ளி நின்னா பதறிக்கிட்டு ஓடி வராத. வண்டி கழுவுறான்னு நெனச்சுக்க."

கட்டுப்பாட்டு அறைக்காரரும் பதறவில்லை, பெட்டிதான் போயிற்று என்று நினைத்திருந்தார். நாளைக்கு மண் சரிந்தாலும் அப்படித்தான் நினைப்பார், டீயைக் குடித்து முடிப்பார்.

தம்பி வண்டியில் ஏறினான். மேலே இன்னொரு லோடு இருக்கிறதாம். நான் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டேன். பிறகு, மற்ற முப்பத்தொன்பது வண்டிகளையும் நிறுத்தச் சொல்லிப் போன் போட்டேன்.