பத்து ஈர்க்குக் கட்டு

"சேர், அலுமாரித் திறப்பைத் தாங்கோ," என்றாள் தர்சினி.

அதிபர் இராசநாயகம் தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல வைத்தார். பக்கத்து மேசையில் வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்த குணலட்சுமி ரீச்சரின் பேனை நின்றது. லீவு கேள், சோக்குக்கட்டி கேள், அந்த அலுமாரிச் சாவியை மட்டும் வாய் தவறியும் கேட்காதே என்று தர்சினிக்கு முதல் நாளே சொல்லிவைத்தவர் அவர்தான்.

தர்சினி மூன்று வருடமாகச் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. புத்தூரில் பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் வீட்டிலிருந்து கம்பசுக்குப் படிக்கப் போன முதல் ஆள். நிரந்தர நியமனத்துக்கு அதிபரின் சேவைக் கடிதம் வேண்டும். நேர்முகம் திங்கட்கிழமை.

அலுமாரிக்குள் இருந்தவை அவள் செய்தவை. தென்னை ஈர்க்கை ஒரே அளவில் நறுக்கி, பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்ட கட்டுகள். முப்பத்திரண்டிலிருந்து பதினைந்தைக் கழிக்க ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். கணக்குக் கொப்பியில் பூ மட்டும் கீறிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு வினோஜா, ஒருநாள் கட்டொன்றை அவிழ்த்துப் பரப்பி எண்ணி, "பதினேழு ரீச்சர்" என்றாள். அடுத்த கிழமை கட்டுகள் கண்காட்சிக்குப் போயின. முதற்பரிசு. திரும்பி வந்ததும் பூட்டு. வினோஜா மறுபடி பூ கீறினாள்.

"பரிசெடுத்த சாமான், பிள்ளை. உதுகளின்ரை கை பட்டா ஊத்தையாப் போயிடும்."

"கை படத்தான் சேர் செய்தனான்."

அதிபருக்குச் சிரிப்பு வந்தது. ஏலுமெண்டால் கொண்டுபோய்ப் படிப்பியும் என்று திறப்பைத் தள்ளிவிட்டார்.

அலுமாரியைத் திறந்தபோதுதான் சிரிப்பின் காரணம் விளங்கியது. கட்டுகள் அத்தனையும் நீல றெஜிபோம் நுரைப் பலகையில் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. மேலே வார்னிஷ். கீழே, 'ஆக்கம்: திருமதி குணலட்சுமி.' ஒரு கட்டாவது கழலாதா என்று பலகையோடு வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

வினோஜா ஓடிவந்து ஒரு கட்டைப் பிடித்தாள். நகத்தால் கிண்டினாள். பல்லால் இழுத்தாள். றெஜிபோம் பிய்ந்து கட்டு கையோடு வந்தது, அவிழவில்லை. ஈர்க்குகள்தான் நடுவில் முறிந்தன. முறிந்த துண்டுகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டே போனவள் பதின்மூன்றில் நின்று நிமிர்ந்தாள்.

"ரீச்சர், பத்தை நான் பழுதாக்கிப்போட்டனோ?"

"இல்லையம்மா. நீ இல்லை."

வாசலில் அதிபர் நின்றார். பொருள் சேதமானது தன் கவனக்குறைவால், கட்டுகளை ஆக்கியவர் குணலட்சுமி என்று தர்சினி ஒரு கடிதம் எழுதித் தந்தால் சேவைக் கடிதத்தில் இப்போதே கையெழுத்து வைக்கிறேன் என்றார். பின்னால் நின்ற குணலட்சுமி நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"எழுதிக் குடு தங்கச்சி. நானும் உப்பிடி எழுதிக் குடுத்துத்தான் ரீச்சரானனான்."

தர்சினி அதிபர் நீட்டிய தாளை வாங்கினாள். எழுதாமலே மேசையில் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திங்கட்கிழமை அவள் எங்கும் போகப்போவதில்லை.

பள்ளிக்கூட வாசற் படலையைத் தாண்டும்போது, குணலட்சுமி சொல்லிக்கொடுக்க, முப்பத்திரண்டில் பதினைந்து போனால் பதினேழு என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பாடமாக்கிக்கொண்டிருந்தது.