பூஜை ரூம் ரவுட்டர்

நாராயணப்பன் வீட்டுல கேமரா ரெக்கார்டரும் இன்டர்நெட் ரவுட்டரும் பூஜை ரூமுக்குள்ள இருக்கு. சிரிக்காதீங்க. ஓசூர் பக்கம் பேரிகையில இருந்த நெலத்தக் கம்பெனிக்குக் குடுத்துட்டு மூணு மாடி எழுப்புன மனுசன். வீட்டையே காவல் காக்குற பெட்டி ஈசானிய மூலையிலதான் இருக்கணும்னு வாஸ்துக்காரன் ஒருத்தன் சொல்லிட்டுப் போயிட்டான். அதனால அத்தனை வயரையும் சுவத்துக்குள்ள ஓட்டி, சாமி படத்துக்குக் கீழ கொண்டாந்து முடிச்சு வெச்சிருந்தாங்க.

நான் மாதேஸ்வரி. ஓசூர்ல கேமரா, நெட்வொர்க் மாட்டித் தர்ற கடையில வேலை. பொம்பள ஏணி மேல ஏறுவாளான்னு கேக்குறவங்களுக்கு ஏறிக் காட்டியே நாலு வருசம் ஓடிருச்சு.

வெள்ளிக்கெழம நான் போனப்ப, வாங்க மேடம், உள்ள வாங்க மேடம்னு வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போனாரு. பூஜை ரூமுக்குள்ள ஒரு கால வைக்கப் போறேன், அப்பதான் எந்த ஊருன்னு கேட்டாரு. இதே ஊருதான்னேன். யாரு பொண்ணுன்னாரு. இருளாயி பொண்ணுன்னேன். எங்கம்மா அவரு தோட்டத்துல பதினெட்டு வருசம் தக்காளி பறிச்சிருக்கு. அது அவர "சாமி"ன்னு கூப்புடும், நான் "சார்"னேன். அதோட மேடம் காணாமப் போச்சு.

"நீ இங்கயே நில்லு. வெளியாளுங்க உள்ள வர்றதில்ல. ஆச்சாரம்."

மார்பிள் பாலீஷ் போட வந்த வடநாட்டுப் பசங்க ஒரு மாசம் அந்த ரூம்லதான் பாய் விரிச்சுத் தூங்கியிருக்காங்க. அவங்க யாரு பசங்கன்னு கேக்க இவருக்கு இந்தி வரல போல. பையத் தூக்கிட்டுக் கெளம்பியிருப்பேன். அந்த வீட்டு மருமக மேகலாவுக்காகத்தான் நின்னேன்.

மேகலா பெங்களூர் கம்பெனியில வேலை பாக்குது. வீட்டுலருந்தே வேலை செய்ய ஒரு மாசம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்துச்சு. திங்கக்கெழம பத்து மணிக்குக் கம்பெனிக்காரன் லைனச் சோதிப்பான், மாடியில அதோட கம்ப்யூட்டருக்கு வயர் மூலமா நெட் வந்தாகணும், வரலன்னா அனுமதி ரத்து. எங்கிட்ட தனியா சொல்லிச்சு, அக்கா எப்படியாவது பண்ணிக் குடுங்கன்னு.

சரின்னு பூஜை ரூம் வாசப்படிக்கு வெளிய நின்னு நான் சொல்லச் சொல்ல, அவரே உள்ள உக்காந்து ஒவ்வொரு வயரா செருகுனாரு. வயருக்கெல்லாம் தலை ஏற்கெனவே மாட்டியிருந்துச்சு, செருகறதுதான் பாக்கி. இருவது நிமிச வேலை, ரெண்டு மணி நேரம் ஆச்சு. மஞ்ச வயர்னா வெள்ளைய எடுப்பாரு, வெள்ளைன்னா கண்ணாடியத் தேடுவாரு. இத்தனைக்கும் எட்டு கேமரா. கேட்டுல ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, பூஜை ரூம் கதவுக்கு நேர் மேல ஒண்ணு. பேச்சும் கேக்கணும்னு மைக் வெச்சதாப் பாத்து வாங்கியிருந்தாரு. சிங்காரப்பேட்டையில இருக்குற மச்சினன் முனிராஜ் போன்லயும் எல்லாம் தெரியணும்னாரு. அந்த முனிராஜ் அன்னையிலருந்து சோலியெல்லாம் உட்டுட்டு, அக்கா வீட்டுல யாரு எத்தன தோசை தின்றாங்கன்னு பாத்துட்டு உக்காந்திருந்தான்.

அதோட உட்டிருந்தா பொழச்சிருக்கும். ஞாயித்துக்கெழம நல்ல நேரம் பாத்துப் புதுப் பெட்டிகளுக்குப் பூஜை போட்டிருக்காரு. வண்டிக்குப் போடுற மாதிரி பொட்டு வெச்சாப் பரவால்ல. வயர் செருகுற ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் வயரப் புடுங்கிட்டு சந்தனம், குங்குமம். மேல மாவெலையில மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்காரு. ரெக்கார்டர் எப்படியோ தப்பிச்சுது, ரவுட்டர் சாமிகிட்டயே போய்ச் சேந்துருச்சு.

திங்கக்கெழம எட்டே காலுக்கெல்லாம் புது ரவுட்டரோட நான் வந்து நின்னேன். ஏழரையிலருந்து ஒம்போது ராகு காலம், பெட்டியத் தொடவே கூடாதுன்னு உக்கார வெச்சுட்டாரு. ஒம்போதுக்கு மேல பழையபடி அவரே உள்ள போனாரு. ரவுட்டர்ல செருகுற வயர் தலைக்குள்ளயும் சந்தனம் அடைச்சு நின்னுச்சு. அதெல்லாம் வெட்டிட்டு, உள்ள இருக்குற எட்டு நூலையும் கலர் வரிசையில அடுக்கி, புதுத் தலை மாட்டி அழுத்தணும். வெளிய நின்னு வாயால சொல்லிக் குடுக்குற வேலையா அது? ஒம்போதே முக்கால் வரைக்கும் ஒரு வயரக் கடிச்சுக் கொதறி வெச்சாரு, அவ்வளவுதான்.

மேகலா மாடியிலருந்து எறங்கி வந்துச்சு. அது முகத்துல ரத்தமே இல்ல. வேலை போனாப் போவுது, சோத்துக்கா பஞ்சம்னாரு அவரு. அந்தப் பொண்ணு நிதானமா சொல்லிச்சு.

"இல்ல மாமா. நான் வேலைய உடமாட்டேன். இன்னைக்கே பெங்களூர் போய் ஹாஸ்டல்ல தங்கிக்கறேன். கேக்குறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

புது வீட்டுக்குக் குடி வந்து நாப்பது நாள் ஆகல, அதுக்குள்ள மருமக பொட்டியத் தூக்கிட்டுப் போனான்னா ஊரு என்ன பேசும்? மனுசன் ரெண்டு மானத்தையும் கையில வெச்சுக்கிட்டு எதக் கீழ போடலாம்னு பாத்தாரு. கடைசியா என் பக்கம் திரும்பி, யாரும் பாக்கல, சட்டுனு போய் முடிச்சுட்டு வந்துடுன்னாரு. சொல்லும்போதே கண்ணு மேல போச்சு. கதவுக்கு மேல அவரே ஆசையா வெச்ச கேமரா, நெட் இல்லாட்டியும் ரெக்கார்டர்ல பதிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

"அத மட்டும் நிறுத்திட்டு உள்ள போ."

"நிறுத்தற பெட்டி உள்ளதான் இருக்கு சார்"னேன்.

அவரே உள்ள போய் அதத் தேடி நிறுத்தவோ, அஞ்சு நிமிசம் யோசிக்கவோ நேரமில்ல. டைனிங் சேர இழுத்துப் போட்டு ஏறி நின்னு, தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கேமராவ மூடிப் புடிச்சுக்கிட்டாரு. எங்க தாத்தா இவரோட அப்பன் எதிர்ல தோள் துண்ட எறக்கிட்டுத்தான் நிப்பாராம், எங்கம்மா சொல்லும். பேத்தி உள்ள போறதுக்கு மகன் துண்டு எறங்கியிருக்கு. நான் வலது கால எடுத்து வெச்சு நல்லாவே உள்ள போனேன்.

மேகலா கம்ப்யூட்டர் வயரத்தான் மொதல்ல வெட்டுனேன். தலை மாட்டி, புது ரவுட்டர்ல செருகி, அங்கருந்து ரெக்கார்டருக்குப் போற வயரையும் சரி பண்ணி, சுவிட்சப் போட்டேன். பச்சை லைட் ஒண்ணொண்ணா எரிஞ்சுச்சு. பத்துக்கு ரெண்டு நிமிசம் இருக்கறப்ப மாடியிலருந்து மேகலா, அக்கா வந்துருச்சுன்னு சொல்லிச்சு. அந்தக் கொரலக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, பொய் சொல்லல.

நெட் மாடிக்கு மட்டுமா போகும்? சிங்காரப்பேட்டைக்கும் போச்சு. அவரு பாக்கெட்ல போன் அடிச்சுது. ஒரு கையில துண்டு, ஒரு கையில போன். ஊரையே மெரட்டுற முனிராஜ் கொரலு எனக்கே கேட்டுச்சு. ஹால் கேமராவுல பாக்குறேன், எதுக்கு மாமா சேர் மேல ஏறி நிக்கறீங்க, சாமி ரூமுல உக்காந்திருக்கறது யாருன்னு கேக்குறான். ஹாலுக்கும் ஒரு கேமரா வெச்சத மனுசன் மறந்துட்டாரு.

துண்டு மெதுவா கீழ எறங்குச்சு. "கம்பெனி மேடம்பா. பெங்களூர்லருந்து வந்திருக்காங்க"ன்னாரு.

மேடம் திரும்பி வந்துருச்சு. கடைசி வயர இழுத்துக் கட்டிட்டு, கதவுக்கு மேல இருக்குற மைக்குக்கு நல்லாக் கேக்கற மாதிரி உள்ள இருந்தே சொன்னேன்.

"இதே ஊரு இருளாயி பொண்ணுன்னு சொல்லுங்க சார்."