இமில்ஷிலில் கொதித்த தண்ணீர்

ஃபெஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், சேர விரும்பும் மாணவர்களுக்கு ஆய்வகங்களைச் சுற்றிக் காட்டும் நாள். இயற்பியல் வேதியியல் பேராசிரியை கௌஸர் கேட்டார்: "தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

"நூறு," என்றது கூட்டம்.

அட்லஸ் மலைமேல் இருக்கும் இமில்ஷில் என்ற ஊரிலிருந்து வந்த இட்டோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வீட்டு அடுப்பில் அவள் அளந்தபோது தொண்ணூற்று மூன்றுதான் வந்தது. பள்ளியில் அந்த விடையைத் தப்பென்று கோடு போட்டு அடித்துவிட்டார்கள். இங்கேயும் அப்படியென்றால் இந்தப் படிப்பே வேண்டாமென்று பஸ் ஏறிவிடுவாள். ஆனாலும் சொன்னாள்: "எங்க மலை ஊர்ல நான் அளந்தப்போ தொண்ணூத்தி மூணு, மேடம்."

"உங்க ஊர் தண்ணிக்கு அவ்வளவு அவசரமா, மலைக்காரி?" என்றான் நகரத்துப் பையன் அனஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

கௌஸர் சிரிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த குடுவையை மூடி, பம்பு வைத்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினார். தண்ணீர் குபுகுபுவெனக் கொதித்தது. "குடுவையைத் தொட்டுப் பாரு, ராசா."

அனஸ் பயந்து பயந்து தொட்டான். "சுடவே இல்லையே."

"மேல அழுத்துற காத்து குறைஞ்சா, கம்மியான சூட்டுலயே தண்ணி கொதிச்சிடும். மலையிலயும் அதே கதைதான். இந்தப் பொண்ணு அளந்தது சரி. அது ஏன்னு கணக்குப் போட்டுக் காட்டுறதுதான் எங்க வேலை."

"அதனாலதான் எங்க வீட்டுல அவரைக்கொட்டை வேக அரை நாளாகுதா?" என்றாள் இட்டோ.

"அதேதான்மா. கொதிச்சாலும் சூடு கம்மி, அதான் வேக நேரமாகுது."

"அப்போ எனக்கு இங்க ஒரு இடம் போட்டு வைங்க, மேடம்," என்றாள் இட்டோ, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி.