இடது லீவர்

விறகுக்கடைக்காரருக்கு இடுப்பு போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இருபது வருஷம் கோடாலி தூக்கினவர் இடுப்பு என்ன, இரும்பாலா செய்தது? அதனால் விறகு பிளக்கும் ஹைட்ராலிக் மெஷின் வந்த அன்று அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். குனிய வேண்டாம், ஓங்க வேண்டாம். இடுப்பு உயர மேடையில் கட்டையை நிறுத்தி, இரு பக்கமும் இருக்கும் லீவர்களை இரண்டு கையாலும் அழுத்தினால் மேலிருந்து ஆப்பு இறங்கும். கட்டை வாயைப் பிளக்கும். ஒரு கையை எடுத்தாலும் ஆப்பு நின்றுவிடும். இரண்டு கையும் லீவரில் இருந்தால் ஆப்புக்கு அடியில் கை போகாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் நின்று கேட்டவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. கடைக்கு இருந்த ஒரே ஆள். இனிமேல் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்தே விறகு பிளக்கலாம் என்று அன்று முழுக்க அவரைக் கிண்டலடித்தான். அவன் மனைவி விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவதால், மகளுக்கு ரெட்டை ஜடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது அவன் வேலை. அவன் பின்னினால் சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது என்று அக்காவுக்குப் பெருமை.

குளிர் தொடங்குமுன் பேக்கரிக்காரர் இரண்டு மடங்கு விறகு கேட்டார். வந்து இறங்கியதெல்லாம் கோணல் கட்டைகள். அடியைச் சமமாக அறுக்காமல் அவை தானாக நிற்காது. அறுத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? கடைக்காரர் ஒரு சணல் கயிற்றை எடுத்து, இடது லீவரை அழுத்திய வாக்கில் இழுத்துக் கட்டினார். வலது கை லீவரில், இடது கை கட்டையில். அடேயப்பா, என்ன வேகம்! இந்த ஒரு கட்டைக்கு மட்டும் என்று கட்டியதை, பாவி மனுஷன், அவிழ்க்கவே இல்லை. மச்சினனையும் அப்படியே செய்யச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் லாரிப் பக்கம் பேசிக்கொண்டிருந்தபோது, ஆப்பு கணுவில் சிக்கி, மச்சினன் பிடித்திருந்த கட்டை புரண்டது. இடது கையில் பெருவிரலைத் தவிர நாலும் போய்விட்டன. லாரி டிரைவர் கையில் துண்டைச் சுற்றி அவனை வண்டியில் ஏற்றினார். கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கை ஓடியது. நேராக மெஷினுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

விசாரிக்க வந்த அதிகாரி, இரண்டு கையும் லீவரில் இருந்தால் விரல் எப்படிப் போகும் என்று கேட்டார்.

"அவன் அவசரக்காரன் சார். இடது லீவர இடுப்பால அழுத்திக்கிட்டு நின்னிருப்பான்" என்றார் கடைக்காரர், வாய் கூசாமல்.

அதிகாரி ஆஸ்பத்திரியில் மச்சினனைக் கேட்டபோது, ஒன்றும் ஞாபகமில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அக்கா அழுதாள். அழுதுகொண்டே தம்பியைத் திட்டினாள். கையால் செய்ய வேண்டிய வேலையை எவனாவது இடுப்பால் செய்வானா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மச்சினன் மகள் சீப்போடு அத்தை வீட்டுக்கு வந்து நின்றாள். ஜடை பின்னி முடியும்வரை கடைக்காரர் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். ஜடை முடிந்ததும் எழுந்து கடைக்குப் போய்விடுவார். கயிறு கடை மேஜை டிராயரில் கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் அவரால் முடியவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து மச்சினன் கடைக்கு வந்தான். முன்பிருந்த பேச்சு இல்லை. சும்மா உட்கார்ந்து எடை போட்டால் போதும் என்றார் இவர். அவன் காதில் வாங்காமல் மெஷினருகே போனான். கட்டையை நிறுத்தி வலது லீவரைப் பிடித்தான். இடது கையின் மிச்சத்தை இன்னொரு லீவரில் வைத்து அழுத்தினான். வழுக்கியது. மறுபடி அழுத்தினான், மறுபடியும் வழுக்கியது.

கடைக்காரருக்குத் தாங்கவில்லை. "மாப்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அந்தக் கயிறு உங்ககிட்டதானே இருக்கு மாமா?" அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "எடுத்துட்டு வந்து கட்டி விடுங்க."

எல்லாம் ஞாபகமிருந்துமா இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாய் என்று மட்டும் கடைக்காரரால் கேட்க முடிந்தது.

"சொன்னா விரல் முளைக்குமா? அக்கா உங்க மூஞ்சியில முழிக்குமா? இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எங்க போய் நிப்பேன், சொல்லுங்க. கட்டுங்க மாமா."

டிராயரைத் திறந்து கயிற்றை எடுத்து வந்தார். பழைய முடிச்சின் மடிப்பு அதில் அப்படியே இருந்தது. அதே இடத்தில் சுற்றி இழுத்துக் கட்டினார். மச்சினன் இருந்த ஒரு விரலால் கட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது லீவரை அழுத்தினான். ஆப்பு இறங்கியது.

சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள்:

"டேய் தம்பி, இந்தத் தடவையாவது இடுப்ப வச்சு அழுத்தாதடா."

"சரிக்கா" என்றான் அவன்.