கண்ணாடியை ஏற்றச் சொன்னவள்

பட்டுப்புடவைக் கடையின் பின்பக்கம், வண்டி நிறுத்தும் திடலில் அம்சவேணிக்கு இரண்டு வேலை. வண்டிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். கோயில் குரங்குகளை அண்ட விடக்கூடாது. அதனால் வருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டுதான்: “கண்ணாடிய முழுக்க ஏத்திடுங்க சார், குரங்கு கைய வுட்டுரும்.”

அக்கினி நட்சத்திரத்துப் புதன்கிழமை, சென்னையிலிருந்து வந்த கலியாணசுந்தரத்திடமும் அதையே சொன்னாள். நான்கு விரற்கடை திறந்திருந்த கண்ணாடியை அவர் ஏற்றினார். பின்சீட்டில் பழுப்பு நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

“நாய் இருக்குதே சார்?”

“பத்து நிமிஷம்மா. நிழல்லதானே வுட்டிருக்கேன்.”

மகளுக்குக் கூறைப்புடவை எடுக்கப் போனவர் பத்து நிமிடத்தில் திரும்பியதாகக் காஞ்சிபுரத்தில் சரித்திரமே இல்லை. தெரிந்தும் தலையாட்டினாள். அதற்குள் இரண்டு சுற்றுலா வேன்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டன. ஓட்டுநர் ஒருவரோடு வாய்ச்சண்டை வேறு. எல்லாம் முடித்துத் திரும்பியபோது அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. வேப்பமர நிழல் நகர்ந்து, கார் முழு வெயிலில் நின்றது.

கண்ணாடியெல்லாம் எச்சில். நாய் குரைக்கவில்லை. சீட்டில் சரிந்து, விலா குலுங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கதவில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பதினெட்டு வருடம் சாயப்பட்டறையில், கொதிக்கிற அண்டாவில் பட்டு நூலை முக்கி எடுத்த கை அது. ஆனால் பட்டறைக்கு வாசல் இருந்தது. தாங்கவில்லை என்றால் வெளியே ஓடலாம்.

கடைக்கு ஓடினாள். மாடிப்படியில் மேற்பார்வையாளர் வீரபாகு மறித்தார்.

“எங்க ஏர்றே?”

“அந்த மெட்ராஸ்காரரு நாய் சாவுதுண்ணா. சாவியோட வரச் சொல்லுங்க.”

“வாய மூடு. கூறைப்புடவ விரிச்சி, பொண்ணு தொட்டுப் பாத்துக்கினு இருக்குது. அங்க போயி சாவுன்னு சொல்லுவியா? பன்னெண்டுக்கு ராகு காலம், அதுக்குள்ள பில்லு போடணும். கால் மணி பொறு.”

“கால் மணி அது தாங்காதுண்ணா.”

“அபசகுனம் புடிச்சவளே, போயி வண்டியப் பாரு.”

“சரி, பாக்கறேன்.”

சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். நாய் பின்னால் கிடந்ததால் முன்கதவுக் கண்ணாடியில் போட்டாள். முதல் அடிக்கு அசையவில்லை. இரண்டாவதற்குப் பொலபொலவென்று உதிர்ந்தது. கார் ஊளையிட, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள். முழங்கையில் ரத்தம் வழிந்தது. நாயை மூட்டைபோல் இழுத்துத் திடல் ஓரத்துத் தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்டு, வயிற்றிலும் பாதங்களிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

சத்தம் கேட்டுக் கலியாணசுந்தரம் ஓடிவந்தார். பின்னாலேயே மகள் அகிலா, வீரபாகு.

“யாரக் கேட்டு ஒடைச்சே? பத்து நிமிஷம்தானே சொன்னேன்?”

“நாப்பது நிமிஷம் ஆச்சி சார். மேல ஏ.சி.ல உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கண்ணாடிய ஏத்தச் சொன்னதே நீதானே.”

“நான்தான். அது என் தப்பு, யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா நாலு விரக்கடை தொறந்து வெச்சாலும் அடுப்பு அடுப்புதான் சார். அதுல உட்டுட்டுப் போனது நீங்க.”

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே,” என்றார் வீரபாகு.

“எதுக்கு நாளைக்கி? இப்பவே போறேன்.”

நாய் எழப் பார்த்தது. கால் மடங்கி விழுந்து வாந்தி எடுத்தது. கலியாணசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டாகப் போகுது. பில்ல மட்டும் போட்டுட்டு...”

“புடவ மூச்சு வுடாது சார், நாளைக்கும் இருக்கும்,” என்றாள் அம்சவேணி. ஈர நாயைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “ஏ.சி.யப் போடுங்க. மாட்டாஸ்பத்திரிக்கு நான் வழி சொல்றேன்.”

அவர் மகளைப் பார்த்தார். அகிலா முன்சீட்டுச் சில்லுகளைத் துப்பட்டாவால் தட்டிவிட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். “எடுங்கப்பா,” என்றாள்.

கார் உறுமியது. மடியில் நாயின் நெஞ்சு இன்னும் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வீரபாகு வண்டிக்கு முன்னால் நின்று எதையோ கத்திக்கொண்டிருந்தார்.

“தள்ளி நில்லுண்ணா,” என்றாள் அம்சவேணி. “வண்டி போவணும்.”