ஏழாம் குழாயின் இரண்டு அளவுகள்

அந்தச் சுரங்கக் கம்பெனியில் கணினி வேலைக்கு இருந்தது நெல்வா கொண்டோரி ஒருத்திதான். கழிவுச் சேறு தேங்கும் அணையின் சுவருக்குள் பன்னிரண்டு குழாய்கள். காவலர் ருஃபினோ, ஊர் மரியாதையாக அழைப்பதுபோல் டோன் ருஃபினோ, தினமும் விடிந்ததும் ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, நெல்வா உருவாக்கிய இணையப் பக்கத்தில் கைபேசியிலிருந்து பதிவார். பதினொரு மணிக்குக் கணினி அந்த எண்களைப் பார்க்கும். ஏதாவது ஒன்று நாற்பது மீட்டரைத் தாண்டியிருந்தால், கீழே சால்யாபம்பா ஊரில் சங்கு ஊதும்.

ஒருநாள் ருஃபினோ கன்னத்தில் கோக்கா இலை உருண்டையோடு வந்து நின்றார்.

"இன்ஜினியரம்மா, நான் போட்ட எண் ஒண்ணு, உங்க பக்கத்துல தெரியறது ஒண்ணு."

"கண்ணாடி போட்டுக்கிட்டு பதியுங்க, டோன் ருஃபினோ."

"கண்ணு மங்கியிருந்தா என் பொண்டாட்டி பசிலியா எனக்கு அழகாத் தெரியணுமே. தெரியலையே!"

சிரித்தாலும் அவளுக்கு உறுத்தியது. அன்றே தரவுத்தளத்தில் மாற்றப் பதிவேடு ஒன்றைச் சேர்த்தாள். எந்த எண்ணை யார் திருத்தினாலும் பழைய எண், புதிய எண், திருத்தியவர் பெயர், நேரம், எந்தக் கணினி என்பதெல்லாம் தனியே பதிவாகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை அதைத் திறந்தாள். ஏழாம் குழாய். திங்களன்று ருஃபினோ பதிந்தது 41.2. ஒன்பதேகாலுக்கு அது 39.1 ஆகியிருந்தது. செவ்வாய் 41.9, திருத்திய பின் 39.1. புதன் 42.8, அதே 39.1. இன்றைக்கு 44. அதுவும் 39.1 ஆகிவிட்டது. திருத்தியவர் என்ற கட்டத்தில் நான்கு முறையும் ஒரே பெயர்: நெல்வா கொண்டோரி.

கார்னவால் திருவிழா விடுமுறைக்குப் போனபோது தன் கடவுச்சொல்லை அவள் ஒரே ஒருவரிடம்தான் கொடுத்திருந்தாள். மேலாளர் செருத்தோ. பதிவாகியிருந்த கணினியும் அவர் அறையில் இருப்பதுதான்.

பத்து மணிக்கு அவரே வந்தார், இறைச்சி அடைத்த, சாறு வழியும் சூடான சால்தேன்யா பலகாரம் இரண்டைக் காகிதப் பையில் ஏந்தியபடி.

"சாப்பிடும்மா. தரவுத்தளத்துல புதுசா ஏதோ பதிவேடு தெரியுதே? திங்கக்கிழமை ஆய்வுக்கு ஆள் வர்றாங்க. அதுக்குள்ள எடுத்துடு."

"ஏழாம் குழாய்ல தண்ணி ஏறிக்கிட்டே போகுது சார்."

"அந்தக் கிழவனுக்கு அளக்கத் தெரியல." விரல்களை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். "திருத்தினதெல்லாம் உன் பேர்லதானே இருக்கு? பார்த்து நடந்துக்கோ."

அவர் போனதும் ருஃபினோவை அழைத்தாள். "சுவர் அடியில தண்ணி கசியுதா?"

"அது எப்பவும் கசியறதுதான். ஆனா நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு." அவர் குரலில் கேலி இல்லை. "இன்னைக்குச் சேறா வருதும்மா. உள்ளே சுவர் கரையுது."

நெல்வா ஒரே ஒரு வரியை மாற்றினாள். சங்கு இனித் திருத்திய எண்ணைப் பார்க்காது. பதிவேட்டில் இருக்கும் முதல் எண்ணைப் பார்க்கும். பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது.

சட்டி பானையோடும் லாமா மந்தைகளோடும் ஊரே மேட்டிலிருந்த கால்பந்துத் திடலுக்கு ஏறியது. எதுவும் நடக்கவில்லை. மூன்று மணிக்குச் செருத்தோ ஒலிபெருக்கியோடு வந்தார். "பொய் எச்சரிக்கை! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" வெயிலில் வெந்துகிடந்த சிலர் முணுமுணுத்தபடி எழுந்தார்கள்.

நெல்வா அச்சடித்த தாளோடு நடுத்திடலுக்குப் போனாள். "திங்கள். டோன் ருஃபினோ அளந்தது நாற்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. இணையப் பக்கத்துல காட்டினது முப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு. செவ்வாய்..." நான்கு நாளையும் வாசித்தாள். யார் பெயரில் திருத்தம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

ருஃபினோவின் மனைவி பசிலியா முதலில் வாய் திறந்தாள். "என் புருஷன் குடிப்பான். பொய் சொல்லமாட்டான்." கம்பளியை விரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுவர் சரிந்தது. பால் கறக்கக் கீழே இறங்கியிருந்த சகோதரர்கள் இருவர் திரும்பவில்லை.

போலீஸ் முதலில் நெல்வாவைத்தான் கொண்டுபோனது. பதிவேடு காட்டிய கணினி மேலாளர் அறையில் இருப்பது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டு, அவளை விட்டுவிட்டுச் செருத்தோவை உள்ளே தள்ள நான்கு மாதம் ஆயிற்று. ஊர் இன்னும் திடலில், கூடாரங்களில்தான் இருக்கிறது. கீழே சேறு காயவில்லை.